கைத்தடியோடு வந்த கண்டக்டர்

"கச்சேரிக்கு ஒரு டிக்கெட் கூடுதலா இருக்கு. வர்றியா?" என்று மாடி வீட்டு ஜெர்மன் பாட்டி கேட்டபோது, உண்மையைச் சொல்கிறேன் சகோதரிகளே, எனக்கு எரிச்சல்தான் வந்தது. அன்றைக்கு நான் இருந்த மனநிலையில் கச்சேரி ஒன்றுதான் குறைச்சல்!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். என் கணவரை ஆபீஸில் மூன்று வருஷத்துக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். 2013-ஆம் வருஷம், நவம்பர் மாதக் குளிர். ஆறு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு சீட்டு வந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போடுகிறார்கள், உங்கள் மகனும் சேரலாமா என்று கேட்டு டீச்சர் எழுதியிருந்தார். 'வேண்டாம், அவனுக்கு முடியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? என் பிள்ளை முதுகெலும்பில் பிளவோடு பிறந்தவன். டாக்டர்கள் அதை 'ஸ்பைனா பைஃபிடா' என்பார்கள். பிறந்த இரண்டாம் நாளே ஆபரேஷன். இரண்டு காலிலும் காலிப்பர் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். அவன் பிறந்தபோது பார்க்க வந்த உறவுக்காரர்கள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா? அரிவாமணையில கை வெச்சியா?" குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் தாயிடம் குற்றம் தேடுகிற உலகம் இது. அன்றிலிருந்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவனை நிறுத்தக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு 'பாசம்' என்று பேர் வைத்திருந்தேன்.

பாட்டி விடவில்லை. "வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்த்துக்கட்டும், நீ கோட்டை மாட்டு" என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேடைக்கு வந்தவர்

லைஸ்ஹாலே என்று அந்த ஊரில் ஒரு சங்கீத மண்டபம். 1908-ல் திறந்தது. மேடையில் வாத்தியக்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் அமைதியானது. பக்கத்துக் கதவு திறந்தது.

கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். முதுகு வளைந்து தோளுக்கு மேல் கூனியிருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். கதவிலிருந்து மேடையின் நடுவுக்கு வருவதற்குள் கைதட்டல் ஓய்ந்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடி ஓய்ந்தது போல எனக்குத் தோன்றியது. 'ஐயோ பாவம், இவரை ஏன் எல்லோர் முன்னாலும் நடக்க விடுகிறார்கள்?' என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளைக்காக எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்த அதே நினைப்பு, பாருங்களேன்!

அவர் உயரமான ஒரு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். தடியைச் சாய்த்து வைத்தார். கையைத் தூக்கினார்.

அதற்கப்புறம் முதுகும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. அந்த இரண்டு கைகள்தான் தெரிந்தன. இடது கை லேசாகத் தணிந்தால் இத்தனை பிடில்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டன. வலது கை ஓரங்குலம் உயர்ந்தால் பின்வரிசை எக்காளங்கள் எழுந்தன. மேல்நாட்டு சங்கீதத்தில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. ஆனாலும் இடைவேளை வரை நான் அசையவில்லை.

இடைவேளையில் பாட்டி மெதுவாகச் சொன்னார். அவர் நர்ஸாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "இவர் பேர் ஜெஃப்ரி டேட். இங்கிலாந்துக்காரர். உன் பையனுக்கு இருக்கிறதேதான் இவருக்கும் இருக்கு. அதுக்காகத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

எந்த பஸ்ஸுக்கு?

அந்த வாரம் மாமியார் போன் பண்ணியபோது, "ஒரு பெரிய கண்டக்டரைப் பார்த்தேன் அத்தை" என்று ஆரம்பித்தேன். "எந்த பஸ்ஸுக்கும்மா?" என்றார். சிரித்துவிட்டு விளக்கம் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆப்பரா என்பது, வசனத்துக்குப் பதில் முழுக்க முழுக்கப் பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம். நம் ஊர்ப் பழைய சங்கீத நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாடகர்கள் வேஷம் கட்டி நடித்துக்கொண்டே பாடுவார்கள். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் எழுபது, எண்பது வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். பாடுகிறவருக்கு வாத்தியக்காரர் முகம் தெரியாது. வாத்தியக்காரருக்கு மேடையில் நடப்பது சரியாகத் தெரியாது. இருவரையும் ஒரே தாளத்தில் கட்டி இழுத்துப் போகிறவர்தான் கண்டக்டர். கல்யாண சமையலில் தலைமைச் சமையல்காரர் கரண்டியைத் தொடாமலே, 'சாம்பாரை இறக்கு, பாயசத்தைக் கிண்டு' என்று இருபது அடுப்பையும் பார்த்துக்கொள்வாரே, அது மாதிரி. தான் ஒரு சத்தமும் போடாமல் மற்றவர்கள் எல்லோரையும் சத்தம் போடவைப்பவர்!

இது லேசான வேலையில்லை. சில ஆப்பராக்கள் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓடும். தோளும் முதுகும் விட்டுப்போகும். நல்ல உடம்புக்காரர்களே திணறுகிற இந்த வேலையைத்தான், கோணிய முதுகெலும்போடு டேட் நாற்பது வருஷத்துக்குக் கிட்டச் செய்தார்.

டாக்டருக்குப் படித்தார்

ஜெஃப்ரி டேட் 1943 ஏப்ரல் 28-ஆம் தேதி இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். யுத்த காலம். முதுகெலும்பில் பிளவு, அதோடு கூனலும் கோணலும். குழந்தைக்கு என்ன கோளாறு என்பது மூன்று வயது வாக்கில்தான் தெரியவந்தது. சின்ன வயதிலேயே ஆஸ்பத்திரி வாசத்தையும் ஆபரேஷனையும் பார்த்தவர்.

பிற்பாடு குடும்பம் ஃபார்னம் என்ற ஊருக்குக் குடிபோயிற்று. அங்கே உள்ளூர் கிராமர் ஸ்கூலில் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் படித்தார். நன்றாகவே படித்தார். சர்க்கார் ஸ்காலர்ஷிப் வாங்கி 1961-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். அப்புறம் லண்டனில் புனித தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, கண் வைத்தியத்தில் இறங்கினார்.

நாமாக இருந்தால் அதோடு திருப்திப்பட்டிருப்போம். 'இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு டாக்டராகிவிட்டானே, கடவுள் கண் திறந்தான்' என்று தேங்காய் உடைத்திருப்போம். அவர் மனசு மட்டும் திருப்திப்படவில்லை. பியானோவிலும் பாட்டிலும் நாடகத்திலும் சின்ன வயதிலிருந்து அவருக்குப் பித்து. கேம்பிரிட்ஜில் இருந்தபோதும் படிப்புக்கு நடுவே நாடகம், சங்கீதம் என்றே இருந்தவர்.

இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, டாக்டர் வேலையை விட்டுவிட்டு லண்டன் ஆப்பரா சென்டரில் மாணவராகச் சேர்ந்தார். கையில் இருந்த நிச்சயமான சம்பளத்தை விட்டுவிட்டு, நிச்சயமில்லாத சங்கீதத்துக்கு! ஒரு தாயாக யோசித்துப் பார்த்தேன். என் பிள்ளை அப்படி வந்து நின்றால், நான் சரியென்று சொல்லியிருப்பேனா?

வெளிச்சத்துக்கு வராத வருஷங்கள்

அடுத்து அவர் போன இடம் லண்டன் கோவன்ட் கார்டனில் உள்ள ராயல் ஆப்பரா ஹவுஸ். அங்கே கண்டக்டர் வேலை ஒன்றும் அவருக்குக் காத்திருக்கவில்லை. பாடகர்களுக்குப் பாடம் போட்டுக்கொடுக்கிற பியானோக்காரர் வேலைதான் கிடைத்தது.

இந்த வேலை என்ன தெரியுமா? ஒரு பாடகி புதிய பாத்திரத்தைக் கற்றுக்கொள்ளும்போது எண்பது வாத்தியக்காரர்களையும் தினம் கூப்பிட முடியாது. அத்தனை வாத்தியமும் வாசிக்கிறதைப் பத்து விரலில் பியானோவில் வாசித்துக் காட்டி, 'இங்கே மூச்சு எடுங்க, இந்த வார்த்தையை அழுத்திச் சொல்லுங்க' என்று திருத்தித் தேற்ற வேண்டும். இரவில் கைதட்டல் பாடகிக்குப் போகும். பகலெல்லாம் உழைத்தவர் பேர் யாருக்கும் தெரியாது. வீட்டு வேலை செய்கிற நமக்கு இது புரியாதா என்ன!

சர் ஜார்ஜ் ஷோல்ட்டி அப்போது அங்கே சங்கீதத் தலைவர். பெரிய பெரிய கண்டக்டர்கள் வந்து போகும் இடம். டேட் ஏறக்குறைய ஏழு வருஷம் அங்கே பியானோ முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆப்பராவையும் உள்ளும் புறமுமாகக் கற்றார். கண்டக்டர் ஆவதற்கென்று தனியாக அவர் படித்ததைவிட, இந்த உட்கார்ந்த இடத்துப் படிப்புதான் அவரை உருவாக்கியது.

1976-ல் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஜெர்மனியில் பைராய்ட் என்ற ஊரில், ரிச்சர்ட் வாக்னர் தன் ஆப்பராக்களுக்காகவே கட்டிய அரங்கம் இருக்கிறது. அவருடைய 'ரிங்' நாலு இரவுகள் நடக்கும் ஒரே கதை. மொத்தம் பதினைந்து மணி நேரம் போல வரும்! அது அங்கே முதன்முதலாக நடந்து நூறு வருஷம் ஆனதற்காகப் புதிதாக மேடையேற்றினார்கள். பியர் பூலேஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நடத்தினார். அவருக்கு உதவியாளராகப் போனவர் நம் டேட்.

இரண்டு வருஷம் கழித்து, 1978-ல், ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரத்தில் 'கார்மென்' ஆப்பராவை அவரே நடத்தினார். அப்போது அவருக்கு வயது 35. அந்த வயதில் நாம், 'இனிமே என்ன இருக்கு, பிள்ளைங்க பார்த்துக்கும்' என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம்!

நாற்காலி போட்டார்கள்

அப்புறம் அவருக்கு ஏறுமுகம்தான். 1980-ல் அமெரிக்காவில் நியூயார்க்கின் புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் 'லுலு' என்ற மிகக் கடினமான ஆப்பராவை நடத்தினார். 1985-ல் இங்கிலீஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் தலைமைக் கண்டக்டர் ஆனார். மிட்சுகோ உச்சிடா என்ற ஜப்பானில் பிறந்த பியானோ மேதையோடு சேர்ந்து, இந்த ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அவர் பதிவு செய்த மோட்ஸார்ட் இசையை இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள்.

1986-ல் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பேர் வெளியே தெரியாமல் பியானோ வாசித்தாரே, அதே கோவன்ட் கார்டன் ஆப்பரா ஹவுஸில் தலைமைக் கண்டக்டராக வந்து உட்கார்ந்தார்!

1991 முதல் நாலு வருஷம் ஹாலந்தில் ராட்டர்டாம் ஃபில்ஹார்மோனிக். 2005 முதல் 2010 வரை இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து சான் கார்லோ அரங்கின் சங்கீத இயக்குநர். 1737-ல் திறந்த அரங்கம் அது. 2009-ல் ஹாம்பர்க் சிம்ஃபனியின் தலைவரானார். கடைசி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அங்கேதான் நான் அவரைப் பார்த்தேன். அவருடைய நெடுநாள் வாழ்க்கைத் துணைவரும் ஜெர்மானியர்தான். அந்த உறவை 2010-ல் சட்டப்படி பதிவும் செய்துகொண்டார்கள்.

எல்லா இடத்திலும் அவருக்கு வேண்டியிருந்தது என்ன? ஒரு நாற்காலி! நின்றுகொண்டுதான் நடத்த வேண்டும் என்று சங்கீதத்தில் எழுதி வைக்கவில்லை. உட்கார்ந்து நடத்த ஒரு நாற்காலி போட்டார்கள். உலகத்துக்கு ஒரு பெரிய கலைஞர் கிடைத்தார். நாம் என்ன செய்கிறோம்? நாற்காலி போடுவதற்குப் பதில், 'உன்னால் நிற்க முடியாது' என்று பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம்.

அவர் தன் குறையை மறைத்து வைத்ததும் இல்லை. இங்கிலாந்தில் இதே கோளாறோடு பிறந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவுகிற சங்கத்துக்குப் பல வருஷம் தலைவராக இருந்தார்.

இஞ்சி பிஸ்கட் பிள்ளைகள்

மறுநாள் காலை முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "நான் எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க. இவன் நாடகத்தில் சேரட்டும்" என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "அந்தச் சீட்டை நான் ஃபைலில் வைக்கவே இல்லையே!" என்றார்.

நாடகம் 'ஹேன்ஸல் அண்ட் கிரேட்டல்'. எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் இசையமைத்தது. பாட்டுக் கதை எழுதியவர் அவர் தங்கை அடெல்ஹைட் வெட்டே. வீட்டுக் குழந்தைகள் விளையாட நாலு பாட்டு என்று தங்கை கேட்க, அண்ணன் போட்டுக்கொடுக்க, அதுவே வளர்ந்து பெரிய ஆப்பராவாகி 1893-ல் மேடையேறியது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் வந்தால் இது நடக்காத ஊர் அபூர்வம். டேட் பெரியவர்களுக்கான இந்த ஆப்பராவை முழுசாக ஒலிப்பதிவே செய்திருக்கிறார் என்று பாட்டி சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதில் ஒரு சூனியக்காரி, காட்டில் அகப்படும் பிள்ளைகளை இஞ்சி பிஸ்கட்டாக மாற்றி வேலியாக நிறுத்திவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். கடைசியில் அண்ணனும் தங்கையும் அவளை ஒழித்து மந்திரத்தை அவிழ்த்ததும் எல்லோருக்கும் உயிர் வரும். என் பிள்ளை அந்த வேலியில் மூன்றாவது பிஸ்கட். நிற்க முடியாதே என்று டீச்சர் அவனுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார். யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மந்திரம் அவிழ்ந்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள். இவன் சாய்ந்து சாய்ந்து, கடைசியாக வந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினான். சுருதி சேரவில்லை. அது அவன் அப்பா வீட்டுச் சொத்து!

2017-ஆம் வருஷம் ஆரம்பத்தில் டேட்டுக்கு 'சர்' பட்டம் அறிவித்தார்கள். அதே வருஷம் ஜூன் 2-ஆம் தேதி, இத்தாலியில் பெர்காமோ என்ற ஊரில் ஓவியங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து காலமானார். வயது 74. நாங்கள் அதற்குள் சென்னைக்குத் திரும்பியிருந்தோம். செய்தியைப் படித்துவிட்டுப் பிள்ளையிடம் சொன்னேன். "நீங்க அன்னிக்குப் பார்த்துட்டு வந்து அழுதீங்களே, அவரா?" என்று கேட்டான்.

இப்போது அவன் காலேஜில் காமர்ஸ் படிக்கிறான். ஃபீஸ் கட்டப் போன அன்று, "கூட வரட்டுமா?" என்றேன். "வேணாம்மா, நானே பார்த்துக்கறேன். உட்கார நாற்காலி கேட்டா போடப் போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

இளம் தாய்மார் கவனத்துக்கு

* முதுகெலும்புப் பிளவுக்குக் கிரகணமோ, தாய் செய்த பாவமோ காரணம் இல்லை. கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள், அதாவது பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரிவதற்கு முன், சிசுவின் முதுகுத் தண்டு சரியாக மூடிக்கொள்ளாததால் வருவது.

* ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் இதைப் பெருமளவு தடுக்கிறது. ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்கள் இதைச் சாப்பிட்டால், மறுபடி வருவது பத்தில் ஏழு பங்கு குறைகிறது என்று 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டியது. டேட் பிறந்த காலத்தில் இது யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

* குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னாலிருந்து, தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் முடியும் வரை தொடர வேண்டும். கீரை, பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை மாத்திரைக்கு ஈடாகாது.

* முன்பு இப்படிக் குழந்தை பிறந்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ, கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அளவு கூடலாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

* பிறந்த குழந்தையின் முதுகில் கட்டியோ திறப்போ தெரிந்தால் அழுத்தாமல், குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடி முதுகில் ஆழமான குழியோ, முடிக்கற்றையோ இருந்தாலும் குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.